துணி அரிப்பு அச்சு: அமிலமா, காரமா?

பிரெஞ்சு புழங்கும் மொரிஷியஸில் ‘தெவோரே’ என்ற பெயரைக் கேட்டதுமே, அது ‘விழுங்கப்பட்டது’ என்று நமக்குப் புரிந்துவிடும். இருவகை இழைகள் கலந்த துணியில் ஒன்றை மட்டும் வேதிப்பொருளால் அழித்து, மற்றதை மெல்லிய தளமாக விட்டு உருவம் வரைவதே இந்த வேலை. எந்த இழையை அழிக்கிறோம் என்பதே முறையைத் தீர்மானிக்கிறது.

அமில முறையில் சோடியம் பைசல்ஃபேட் என்னும் அமில உப்பு கலந்த பசையைத் திரை அச்சில் இட்டு, உலர்த்தி, சூடேற்றுவார்கள். சூட்டில் அமிலம், தாவர இழைகளின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸின் சங்கிலிகளை அறுப்பதால் பருத்தியும், மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸும் நொறுங்கும் பொருளாகிவிடும். பட்டும் பாலியெஸ்டரும் பெரிதும் தாக்குப்பிடிக்கும். பட்டு அடித்துணியில் விஸ்கோஸ் இழை நிற்கும் வெல்வெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழியை நான் கண்டதில்லை. பசை பட்ட இடம் வெல்லத்தின் பழுப்பை அடைந்ததும் இஸ்திரிப் பெட்டியை எடுத்துவிட வேண்டும். கருக்க விட்டால் அடிப்பட்டும் சேர்ந்து பலவீனமாகும். நைலான் கலந்த துணியில் இதைச் செய்யவே கூடாது, ஏனெனில் அமிலம் நைலானையும் அரிக்கும்.

மேட்டுநில நகரான க்யூர்பீப்பின் ஓயாத தூறலில் வேலை செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பைசல்ஃபேட் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால், பசையை உடனே உலர்த்தாவிட்டால் கோலத்தின் கூர்மையான விளிம்பு கசிந்து மங்கிவிடுகிறது. வெயில் மிகுந்த தலைநகர் போர்ட் லூயிஸில் இத்தொல்லை குறைவு.

கார முறை இதற்கு நேர் எதிரானது: காஸ்டிக் சோடா பட்டையும் கம்பளியையும் கரைக்கும், பருத்தியை விட்டுவைக்கும். பட்டும் பருத்தியும் கலந்த துணிக்கு இது உதவும் என்றாலும், அடர்ந்த காரத்தில் பருத்தி சுருங்கி மேற்பரப்பு சுளிந்துகொள்ளும். அந்தச் சுளிவையே அலங்காரமாக விரும்புகிறவர் மட்டும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். கண்ணுக்கும் தோலுக்கும் இரண்டுமே கேடுதான், ஆயினும் தோலையே கரைக்கும் காஸ்டிக்கை வீட்டுத் தையலறைக்குள் கொண்டுவர நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அமில முறையிலும் கரிந்த இழைகளை நீருக்குள்ளேயே தேய்த்து நீக்க வேண்டும், உலர்ந்த தூள் மூச்சில் ஏறும். அலசிய நீரைச் சமையல் சோடாவால் நடுநிலையாக்காமல் ஊற்றுவது, ஓடை வழியே கடலுக்கும் பவளப்பாறைக்கும் நாம் செய்யும் துரோகம்.

காத்ர் போர்ன் சந்தையில் வாங்கிய துணியின் கலவை தெரியாவிட்டால், நெடுக்கிலும் குறுக்கிலும் ஒவ்வொரு நூலை உருவித் தீயில் காட்டிப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்தால் பட்டோ கம்பளியோ, தாள் எரியும் வாடை வந்தால் பருத்தியோ விஸ்கோஸோ. உருகிக் கெட்டியான மணியாகத் திரண்டால் அது செயற்கை இழை, அதில் நைலான் இல்லை என்று உறுதியாகும்வரை பசையைக் கரைக்காதீர்கள்.