‘கோப்பெல் ஸ்கூல்’ என்று சொன்னால் கதவிலக்கத்தைக் கேளுங்கள்: டாலஸுக்குக் குடிவரும் குடும்பங்கள் கவனத்துக்கு

டாலஸ் பக்கம் குடும்பத்தோடு மாற்றலாகி வருகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் வரும்: “வேலி ராஞ்ச், கோப்பெல் ஸ்கூல், கோயில் பக்கம், உடனே குடிபோகலாம்.” ஊரிலிருந்தபடியே வீடியோவில் வீட்டைப் பார்த்துவிட்டு, ‘கோப்பெல் ஸ்கூல்’ என்ற பேருக்காக அக்கம்பக்கத்தைவிடக் கூடுதலான வாடகைக்கு ஒரு வருட லீஸில் கையெழுத்துப் போடுவார்கள். ஜூலை கடைசியில் வந்து இறங்கி, பள்ளிச் சேர்க்கைக்கு லீஸையும் கரண்ட் பில்லையும் ஆன்லைனில் ஏற்றினால், ‘இந்த முகவரி எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் இல்லை’ என்று பதில் வரும். ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறந்துவிடும். லீஸை முறிக்கலாம் என்றால், அபார்ட்மென்ட் லீஸ்களில் பெரும்பாலும் ஒரு மாத வாடகையில் 85 சதவீதம் வரை ‘ரீலெட்டிங்’ கட்டணம் இருக்கும். அதைக் கட்டினாலும் அடுத்த ஆள் வரும்வரை வாடகைப் பொறுப்பு தீராது. விளம்பரம் போட்டவரைக் கேட்டால், “ஸ்கூலை நீங்கதான் வெரிஃபை பண்ணிக்கணும்னு கீழேயே போட்டிருந்தேனே” என்பார். பொடி எழுத்தில் போட்டிருப்பார் என்பதும் உண்மைதான்.

டெக்சஸில் ஊர் எல்லை, தபால் முகவரி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் மூன்றும் தனித்தனிக் கோடுகள். ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு; பெயரோடு ஐ.எஸ்.டி. (இன்டிபென்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) என்று வரும். வேலி ராஞ்ச் இருப்பது இர்விங் நகரத்தில். அதில் சில தெருக்கள் கோப்பெல் ஐ.எஸ்.டி., சில தெருக்கள் கேரல்டன்–ஃபார்மர்ஸ் பிராஞ்ச் ஐ.எஸ்.டி. இரண்டுக்கும் ஜிப் கோடு 75063தான். அதனால் வீடு தேடும் தளத்தில் ஜிப் கோடு போட்டு வடிகட்டி ஒரு பிரயோசனமும் இல்லை. இதற்கு நேர்மாறாக, சைப்ரஸ் வாட்டர்ஸில் இருக்கும் லீ எலிமென்டரி டாலஸ் நகர எல்லைக்குள் இருந்தும் கோப்பெல் ஐ.எஸ்.டி.யைச் சேர்ந்தது. ஃப்ரிஸ்கோ நகரத்துக்குள் மட்டும் நான்கு டிஸ்ட்ரிக்ட்: ஃப்ரிஸ்கோ, லூயிஸ்வில், லிட்டில் எல்ம், ப்ராஸ்பர். மெக்கின்னி முகவரியோடு ஃப்ரிஸ்கோ ஐ.எஸ்.டி. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் உண்டு.

கேரல்டன்–ஃபார்மர்ஸ் பிராஞ்ச் மட்டமான டிஸ்ட்ரிக்ட் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஒரு பெயரைச் சொல்லி அதற்கான விலையை வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கொடுப்பதுதான் பிரச்சினை.

சரிபார்க்க அரை மணி நேரம் போதும், காசும் வேண்டாம். முதலில், வீடு இருக்கும் கவுன்டியின் (நம் மாவட்டம் போன்றது) அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் தளம். வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அலுவலகம் அது. இர்விங் என்றால் டாலஸ் கவுன்டி, ப்ளேனோ பெரும்பாலும் காலின், ஃப்ரிஸ்கோ என்றால் காலின் அல்லது டென்டன். கதவிலக்கமும் தெருவும் போட்டால் அந்தச் சொத்தின் பக்கம் வரும். அதில் எந்தெந்த அமைப்புக்கு வரி போகிறது என்ற பகுதியில் நகரம், கவுன்டி, பள்ளி என்று இருக்கும். பள்ளி என்ற இடத்தில் எந்த ஐ.எஸ்.டி. பெயர் இருக்கிறதோ அதுதான் உங்கள் டிஸ்ட்ரிக்ட். வரி வாங்குகிற இடத்தில் யாரும் வாய்க்கு வந்ததை எழுத மாட்டார்கள். அதே பக்கத்தில் உரிமையாளர் பெயரும் இருக்கும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அடுத்து, டிஸ்ட்ரிக்டின் சொந்தத் தளத்தில் முகவரியைப் போட்டுப் பள்ளி தேடும் பக்கம். எலிமென்டரி, மிடில், ஹை மூன்றையும் தனித்தனியே பாருங்கள். தெருவின் இடப்பக்கம் ஒரு பள்ளிக்கும் வலப்பக்கம் இன்னொரு பள்ளிக்கும் போகலாம். தெருப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் இரண்டாவது அடி விழும். டெக்சஸ் சட்டப்படி நான்காம் வகுப்பு வரை ஒரு வகுப்பறைக்கு 22 பிள்ளைகள்தான். விலக்கு வாங்க வழி உண்டு. ஆனால் பல டிஸ்ட்ரிக்டுகள் அந்த வகுப்பு நிரம்பியதும் புதிதாக வரும் பிள்ளையைப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பிவிடும். ‘ஓவர்ஃப்ளோ’ என்பார்கள். பால்கனியில் நின்றால் பள்ளி மைதானம் தெரியும், பிள்ளையோ பஸ் ஏறி வேறு பள்ளிக்குப் போகும். நடுவருடத்தில் வருகிறவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். ஆகவே லீஸுக்கு முன்பே அந்தப் பள்ளியில் சேர்க்கையைக் கவனிக்கும் ரெஜிஸ்ட்ராருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கதவிலக்கம், பிள்ளையின் வகுப்பு இரண்டையும் எழுதி, அந்த வகுப்பில் இடம் இருக்கிறதா, அடுத்த வருடம் எல்லை மாறுமா என்று கேளுங்கள். போனில் கேட்டால் பதில் கிடைக்கும், சாட்சி இருக்காது.

எல்லை மாறுவது அரிதான விஷயமும் இல்லை. 2024 ஜூனில் ப்ளேனோ ஐ.எஸ்.டி. நான்கு பள்ளிகளை, அதாவது இரண்டு எலிமென்டரி, இரண்டு மிடில் ஸ்கூல்களை, அடுத்த கல்வியாண்டு முடிவில் மூடுவதென்று தீர்மானித்தது. பள்ளி மோசம் என்பதால் அல்ல. மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. பேர் பெற்ற பழைய புறநகரில் வீட்டு விலை ஏற ஏற, சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பங்கள் இன்னும் வடக்கே போய்விடுகின்றன. டிஸ்ட்ரிக்ட் போர்டு கூட்டக் குறிப்புகள் பொதுவில் கிடைக்கும். கடைசி நாலைந்து கூட்டங்களின் நிகழ்ச்சிநிரலில் ‘பவுண்டரி’ என்ற சொல் வருகிறதா என்று மட்டுமாவது தேடுங்கள்.

இப்போது ரேட்டிங். “எக்ஸம்ப்ளரி ஸ்கூல்” என்று எவராவது தாளில் அச்சடித்துக் கொடுத்தால் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். அந்தத் தரவரிசையை டெக்சஸ் 2011-க்குப் பிறகு கொடுக்கவே இல்லை. இப்போது இருப்பது ஏ முதல் எஃப் வரை. அதிலும் 2023-ஆம் ஆண்டு மதிப்பெண் வழக்கில் சிக்கி 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தது. 2024, 2025 இரண்டும் 2025 ஆகஸ்டில் சேர்ந்து வந்தன. எனவே ‘ஏ’ என்றால் எந்த வருடத்து ஏ என்று கேளுங்கள். வீடு தேடும் தளங்களில் பத்துக்கு இத்தனை என்று வரும் எண் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணைச் சார்ந்தது. அது பள்ளியைப் பற்றிச் சொல்வதைவிடப் பெற்றோரின் வருமானத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது என்பது எங்கள் கணிப்பு.

‘டைவர்ஸ் ஏரியா’ (பல இனத்தவரும் கலந்து வாழும் இடம்) என்ற சொல்லில்தான் ஏமாற்று இன்னும் நாசூக்காக நடக்கும். “நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்க சார், அந்தப் பக்கம் வேண்டாம், அங்க வேற மாதிரி ஆளுங்க” என்று ஒரு ஏஜென்ட் சொன்னால், அக்கறை என்று நினைக்காதீர்கள். அது ‘ஸ்டீரிங்’, அதாவது இனம் பார்த்து ஒருவரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடுவது. 1968-இல் வந்த ஃபேர் ஹவுசிங் சட்டம் அதைத் தடை செய்கிறது. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் நியூஸ்டே பத்திரிகை ஒரே தகுதியுள்ள இரண்டிரண்டு பேரை ஏஜென்ட்களிடம் அனுப்பிச் சோதித்து 2019-இல் வெளியிட்டது. ஆசியர்களை அனுப்பிய சோதனைகளில் 19 சதவீதம், ஹிஸ்பானிக்குகளில் 39 சதவீதம், கறுப்பினத்தவரில் 49 சதவீதம் பாரபட்சம் தெரிந்தது. “யார் யார் குடியிருக்கிறார்கள்?” என்று நீங்கள் கேட்டு, “அதை நான் சொல்லக் கூடாது, இந்தத் தளத்தில் பாருங்கள்” என்று மறுப்பவர்தான் ஒழுங்கான ஏஜென்ட்.

பார்க்க வேண்டிய இடம், டெக்சஸ் கல்வி ஏஜென்சி ஆண்டுதோறும் வெளியிடும் டி.ஏ.பி.ஆர். (டெக்சஸ் அகாடமிக் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்) அறிக்கை. டிஸ்ட்ரிக்ட் அறிக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். மொத்த டிஸ்ட்ரிக்டும் கலந்திருக்கும், தனிப் பள்ளி ஒரே நிறமாக இருக்கலாம். பள்ளிவாரி அறிக்கையில் இனவாரி எண்ணிக்கை, வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் சதவீதம், நடுவில் வந்து போகிறவர்களின் விகிதம், ஆசிரியர்களின் அனுபவ ஆண்டுகள் எல்லாம் இருக்கும். நாலில் மூன்று பேர் ஐ.டி. வீட்டுப் பிள்ளைகள் என்றால் அது நம் ஊர் கோச்சிங் சென்டர். டைவர்ஸ் என்று பெயர் வைக்காதீர்கள். ஹை ஸ்கூல் பிள்ளை இருந்தால் இதற்கு நடைமுறை விலையும் உண்டு. டெக்சஸில் வகுப்புத் தரவரிசையில் முதல் 10 சதவீதத்துக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். ஆஸ்டினில் உள்ள யு.டி.யில் (யுனிவர்சிட்டி ஆஃப் டெக்சஸ்) 2026 சேர்க்கையிலிருந்து அது முதல் 5 சதவீதம். பதினொன்றாம் வகுப்பில் போட்டி மிகுந்த பள்ளிக்குள் போய் விழுகிற பிள்ளைக்கு ‘நல்ல ஸ்கூல்’ பாதகமாகவும் முடியலாம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அப்பட்டமான திருட்டும் காத்திருக்கிறது. விற்பனைக்கு இருக்கும் வீட்டின் படங்களை எடுத்து வாடகை விளம்பரமாகப் போட்டு, “கிரெடிட் ஸ்கோர் வேண்டாம், சோஷியல் செக்யூரிட்டி எண் வேண்டாம், டெபாசிட்டை ஸெல் (Zelle) பணப் பரிமாற்றத்தில் அனுப்புங்கள்” என்பார்கள். புதிதாக வருகிறவரிடம் அந்த இரண்டும் இருக்காது என்று தெரிந்தே விரிக்கிற வலை இது. நிஜமான வீட்டுக்காரர் கிரெடிட் இல்லாதவரிடம் கூடுதல் டெபாசிட்டோ ஆஃபர் லெட்டரோ கேட்பார். எதுவுமே வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அப்ரெய்சல் தளத்தில் குறித்து வைத்த உரிமையாளர் பெயரும் லீஸில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறாக இருந்தால், வீட்டை நிர்வகிக்க உரிமையாளர் கொடுத்த மேனேஜ்மென்ட் ஒப்பந்தத்தைக் கேளுங்கள்.

குழுவில் வீடு பிடித்துத் தரும் “அண்ணா”வுக்கும் லைசென்ஸ் வேண்டும். டெக்சஸில் அபார்ட்மென்ட் லொக்கேட்டராகக் கமிஷன் வாங்கவே மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தின் (டெக்சஸ் ரியல் எஸ்டேட் கமிஷன்) உரிமம் தேவை. அந்தத் தளத்தில் பெயர் போட்டால் தெரிந்துவிடும். லொக்கேட்டருக்குக் காசு கொடுப்பது அபார்ட்மென்ட்தான். கமிஷன் தராத இடம் அவர் பட்டியலில் வராது.

வாங்குகிறவர்களுக்கு: 2024 ஆகஸ்டிலிருந்து வீடு காட்டும் முன்பே பல ஏஜென்ட்கள் டேப்லெட்டில் ஒரு கையெழுத்துக் கேட்கிறார்கள். அது வருகைப் பதிவேடு அல்ல, ஒப்பந்தம். ஆறு மாதம் அவர் வழியாகத்தான் வாங்குவேன், இத்தனை சதவீதம் தருவேன் என்று அதில் இருக்கலாம். அன்றைக்குப் பார்க்கும் வீட்டுக்கு மட்டும் என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். வாங்கும் ஒப்பந்தத்தில் ‘ஆப்ஷன் பீரியட்’ எத்தனை நாள் என்று பாருங்கள். அதற்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், பள்ளிச் சோதனையை அந்த நாட்களில் முடித்துவிட வேண்டும். பில்டரிடம் நேரடியாகப் புது வீடு வாங்கினால் அவர்கள் சொந்த ஒப்பந்தம் வைத்திருப்பார்கள். அதில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது.

வாடகைக்காரர்கள் செய்யக்கூடியது இன்னொன்று. லீஸில் ‘ஸ்பெஷல் ப்ராவிஷன்ஸ்’ என்று ஒரு காலி இடம் இருக்கும். அதில் “இந்த முகவரி கோப்பெல் ஐ.எஸ்.டி.க்கு உட்பட்டது, இல்லையெனில் கட்டணமின்றி லீஸ் ரத்து, டெபாசிட் முழுவதும் திரும்ப” என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பெரிய அபார்ட்மென்ட்காரர்கள் மறுப்பார்கள். தனி வீட்டுக்காரர் மறுத்தால், அப்ரெய்சல் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பாருங்கள்.