வரிசையில் நிறுத்துவதா, தீப்பெட்டி அடுக்குவதா? சிறுவர்க்கு விளக்கப்படம் கற்பிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

"இன்று பள்ளிக்கு எப்படி வந்தீர்கள்?" என்று கேட்டு, கிடைக்கும் விடைகளை விளக்கப்படமாக்குவது தொடக்க வகுப்புகளில் பலரும் செய்து பார்க்கும் செயல்பாடு. 24 பேர் உள்ள ஒரு வகுப்பில் 9 பேர் நடந்தும், 6 பேர் வீட்டாரின் மிதிவண்டியில் பின்னால் அமர்ந்தும், 5 பேர் பேருந்திலும், 4 பேர் ஆட்டோவிலும் வந்ததாகக் கொள்வோம். இதைக் குழந்தைகளையே வரிசையாக நிறுத்திக் காட்டலாம், தீப்பெட்டிகளை அடுக்கலாம், படம் ஒட்டலாம், பட்டை வரையலாம். நான்கும் சொல்லும் செய்தி ஒன்றுதான் என்றாலும், குழந்தை கற்றுக்கொள்வது நான்கிலும் ஒன்றல்ல.

வரிசையில் நிறுத்துவதற்குச் செலவே இல்லை. ஒரு குழந்தைக்கு ஒரு விடை, ஒரு விடைக்கு ஓர் இடம் என்பதை உடம்பாலேயே உணர்த்திவிடுகிறது. ஆனால், பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். பேருந்தில் வந்த ஐவர் கையை வீசிக்கொண்டு தள்ளித் தள்ளி நின்றால், மிதிவண்டியில் வந்த ஆறு பேரின் வரிசையைவிட அது நீளமாகிவிடும். பாண்டி விளையாடுவதற்குக் கோடு கிழிப்பதைப் போலத் தரையில் சுண்ணக்கட்டியால் சம அளவுக் கட்டங்கள் போட்டு, கட்டத்துக்கு ஒருவராக நிறுத்தினால் இந்தக் குறை நீங்கும். 'ரயில்' என்று எழுதிய வரிசையில் யாரும் நிற்காமல் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும்போது, பூஜ்ஜியமும் ஒரு விடைதான் என்பது தனியே விளக்காமலே புரிந்துவிடும். தீராத குறை வேறொன்று உண்டு: வரிசைக்குள் நிற்கும் குழந்தையின் கண்ணுக்கு முன்னால் நிற்பவரின் முதுகு மட்டுமே தெரிகிறது. படத்தைப் பார்ப்பவர் ஆசிரியர் ஒருவரே. மணி அடித்ததும் அந்தப் படமும் கலைந்துபோகிறது.

இந்த இடத்தில்தான் தீப்பெட்டி முந்துகிறது. காலிப் பெட்டியின் மருந்துப் பக்கத்தை மறைத்துத் தாள் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயரை எழுதிக்கொடுத்தால், அந்தப் பெட்டி வகுப்பில் அவருக்குப் பதிலாளாக நிற்கிறது. எல்லாப் பெட்டிகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதும், அடுக்குகள் அனைத்தும் ஒரே மட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் மட்டுமே கட்டாய விதிகள். சமையலறைப் பெரிய பெட்டி ஒன்று நடுவே புகுந்தாலும் ஒப்பீடு கெட்டுவிடும். தாமதமாக வந்தவர் தன் பெட்டியைத் தானே கொண்டுபோய் அடுக்கலாம். வராதவரின் பெட்டி ஓரத்தில் காத்திருக்கும். மறுநாள் "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டால் அதே 24 பெட்டிகள் வேறு விதமாகப் பிரிந்து அடுக்காகும். ஆட்கள் அவர்களேதான், கேள்வி மாறியதால் படம் மாறியது என்ற நுட்பத்தை இவ்வளவு மலிவாகக் காட்டும் கருவி வேறொன்று எனக்குத் தெரியாது.

"நடந்து வந்தவர்கள் பேருந்தில் வந்தவர்களைவிட எத்தனை பேர் அதிகம்?" என்ற கேள்விக்குப் பல குழந்தைகள் "ஒன்பது" என்றே சொல்வார்கள், 'அதிகம்' என்ற சொல் காதில் விழுந்ததும் பெரிய எண்ணைச் சொல்லிவிடுவது அந்த வயதின் இயல்பு. இரண்டு அடுக்குகளையும் அருகருகே வைத்து, ஐந்துக்கு மேல் நிற்கும் பெட்டிகளைக் கையால் எடுத்துப் பார்க்கச் சொன்னால், நான்கு பெட்டிகள் உள்ளங்கையில் இருக்கும். வரிசையில் நிற்கும் பிள்ளைகளைக் கொண்டும் இதைச் செய்யலாம்தான். ஆனால் விலக்கப்பட்ட நால்வரும் தங்களை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்பார்கள்.

பட விளக்கப்படம் பார்க்க அழகானது என்பதாலேயே எளிதானது என்று நினைத்துவிடுகிறோம். பிள்ளைகள் தாங்களே வரையும்போது பேருந்து பெரிதாகவும் மிதிவண்டி சிறிதாகவும் அமைந்து, முன்பு சொன்ன நீளக் குழப்பம் மீண்டும் தலைதூக்கும். வியன்னாவில் 1925இல் ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கிப் படக்குறிகளால் புள்ளிவிவரங்களை மக்களுக்கு விளக்கிய ஓட்டோ நியூராத், எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்கக் கூடாது, அதே அளவுப் படத்தைக் கூடுதல் தடவை போட வேண்டும் என்பதை விதியாகவே வைத்திருந்தார். சம அளவில் வெட்டிய தாள்களில் வரையச் சொன்னால் அந்த விதி தானே காக்கப்படும். ஒரு படம் இருவரைக் குறிக்கும் என்ற நிலைக்குப் போகும்போதுதான் உண்மையான சிக்கல் எழுகிறது. ஒன்பது பேருக்கு நாலரைப் படம் வேண்டும்; அரை ஆள் எப்படி நடந்து வந்தான் என்று குழந்தை சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. பெருக்கல் வாய்ப்பாட்டோடு பழகும் வரை இந்த வகையை ஒத்திவைப்பதே என் தெரிவு.

நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டு, ஐந்தைந்தாக எண்ணும் நேர்கோட்டுக் குறிகளை இவற்றுக்குப் போட்டியாக நிறுத்த வேண்டியதில்லை. அவை தரவைத் திரட்டும் வழியே அன்றி, காட்டும் வழி அல்ல. ஐந்தாவதைக் குறுக்கே போடாமல், ஐந்து கோடு கிழித்த பின் குறுக்குக் கோடு போட்டுக் கட்டுக்கு ஆறாக்கிவிடும் பிழையை மட்டும் கவனித்தால் போதும்.

பட்டை விளக்கப்படம் இவற்றில் மிகவும் நுண்மையானது. 1786இல் வில்லியம் பிளேஃபேர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டைகளாக அச்சிட்டபோது, பெரியவர்களுக்கே அது புதுமை. பட்டையில் தனி ஆள் மறைந்து நீளம் மட்டும் மிஞ்சுகிறது. எண்ணிப் பார்க்க ஒன்றும் இல்லாததால், பக்கவாட்டு அளவுகோலைப் படித்தே தீர வேண்டும். அளவுகோலின் எண்களைக் கோட்டுக்கு நேராக எழுதாமல் கட்டத்துக்குள் எழுதிவிடும் தடுமாற்றம் மேல் வகுப்புகளிலும் தொடர்கிறது.

ஆகவே பட்டையை நேரடியாகக் கரும்பலகையில் வரைந்து காட்டுவதைவிட, தீப்பெட்டி வழியாக அதற்குப் போவதையே நான் விரும்புவேன். நின்ற அடுக்குகளைப் பெரிய தாளின் மேல் படுக்கவைத்து, பெட்டிகளைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்த பின் எடுத்துவிட்டால், தாளில் எஞ்சுவது பட்டை. மழை பெய்த நாளில் அதே கேள்வியைக் கேட்டு இன்னொரு தாளில் இழுத்துப் பக்கத்தில் தொங்கவிட்டால், ஆட்டோவின் பட்டை உயர்ந்து நடையின் பட்டை குட்டையானது ஏன் என்பதைப் பிள்ளைகளே சொல்லத் தொடங்குவார்கள்.