டிராஸ்போலா, மின்ஸ்க்கா?

சோவியத் காலத்திலேயே நின்றுபோன ஊர் ஒன்றைப் பார்க்கணும் என்பவர்கள் பலரும் கடைசியில் குழம்பி நிற்பது, மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவின் தலைநகர் டிராஸ்போல், பெலாரஸின் தலைநகர் மின்ஸ்க், இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

போய்ச் சேர:
டிராஸ்போல் – மால்டோவா தலைநகர் கிஷினாவிலிருந்து சிற்றுந்து, சுமார் 70 கிலோமீட்டர். எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு சீட்டு தருவார்கள், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.
மின்ஸ்க் – விமானத்தில் நேராக இறங்கலாம்.

பணம்:
டிராஸ்போல் – இங்கேதான் வேடிக்கை. டிரான்ஸ்னிஸ்ட்ரியா தனி நாடு என்று 1990-இல் அறிவித்துக்கொண்டது, ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட ஏற்கவில்லை, ஆனாலும் சொந்த ரூபிள் உண்டு, அதிலும் 2014-இல் வந்த நாணயங்கள் பிளாஸ்டிக்! 1 ரூபிள் வட்டம், 3 சதுரம், 5 ஐங்கோணம், 10 அறுகோணம். பார்த்தால் குழந்தைகளின் விளையாட்டுக் காசு மாதிரியே இருக்கும். எல்லை தாண்டினால் செல்லாது, அதனால் கொஞ்சமாக மாற்றுங்கள்.
மின்ஸ்க் – வழக்கமான காசுதான்.

பார்க்க:
டிராஸ்போல் – நாடாளுமன்ற வாசலில் லெனின் சிலை, சோவியத் டி-34 டாங்கி, கொடியில் அரிவாள் சுத்தியல். அரை நாள் போதும்.
மின்ஸ்க் – இரண்டாம் உலகப் போரில் தரைமட்டமாகி, ஸ்டாலின் பாணியில் திரும்ப எழுந்த அகலமான சுதந்திர அவென்யூ, 1984-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ. உளவுத்துறைக்கு இன்னமும் சோவியத் காலத்துப் பெயரான கே.ஜி.பி. என்றே பெயர்!

சிக்கல்:
இரண்டிலும் ராணுவத்தினரைப் படம் எடுக்காதீர்கள். டிராஸ்போலில் மாட்டினால் உதவ நம் தூதரகம் கிடையாது, மின்ஸ்க்கில் உண்டு.

விசித்திரம்தான் வேண்டும், கிஷினாவ் வரை எப்படியும் போகிறீர்கள் என்றால் டிராஸ்போல். கட்டடக்கலை பிடிக்கும், நாலு நாள் நிதானமாகச் சுற்றணும், அப்புறம் குடும்பமும் கூட வருகிறது என்றால் மின்ஸ்க்.