ஓ'கானலின் இரண்டு போராட்டங்கள்: 1828, 1843

அயர்லாந்தில் மதமும் மக்கள் அரசியலும் எப்படிக் கலந்தன என்று பார்க்க, அந்நாட்டுக் கத்தோலிக்க அரசியல் தலைவர் டேனியல் ஓ'கானல் நடத்திய இரண்டு இயக்கங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது, கத்தோலிக்கர் உரிமைக்கானது. 1823-ல் தொடங்கிய கத்தோலிக்கச் சங்கம், மறு ஆண்டு மாதம் ஒரு பென்னி சந்தா வசூலிக்க ஆரம்பித்தது. ஞாயிறு பூசை முடிந்து வருபவர்களிடம் கோயில் வாசலிலேயே வசூல். தொகை சின்னதுதான். ஆனால் அதைக் கொடுத்த குடியானவன் அன்றே ஓர் அரசியல் ஆள் ஆகிவிட்டான். 1828-ல் அயர்லாந்தின் கிளேர் தொகுதி இடைத்தேர்தலில் பாதிரியார்கள் வாக்காளர்களை ஊர்வலமாக அழைத்து வந்தார்கள். நிலக்கிழார்களை மீறி ஓ'கானல் வென்றார். மறு ஆண்டு நாடாளுமன்றக் கதவு கத்தோலிக்கருக்குத் திறந்தது. கூடவே, அவருக்கு வாக்களித்த நாற்பது ஷில்லிங் வாக்காளர்களின், அதாவது ஆண்டுக்கு அந்த மதிப்புள்ள நிலம் இருந்ததால் வாக்கு பெற்ற சிறு விவசாயிகளின், வாக்குரிமை பறிபோனது. இந்தக் கசப்பை வெற்றிக் கதைகள் அதிகம் பேசுவதில்லை.

இரண்டாவது, பிரிட்டனோடான இணைப்பை ரத்து செய்யும் இயக்கம். கூட்டம் இதில்தான் பெரிது. 1843 ஆகஸ்ட் 15, மரியன்னை விண்ணேற்புத் திருநாளன்று பழைய ஐரிஷ் அரசர்களின் இடமான தாரா குன்றில் பூசையும் அரசியல் பேச்சும் ஒரே இடத்தில் நடந்தன. ஆனால் அக்டோபரில் டப்ளின் அருகே குளோன்டார்ஃபில் நடக்கவிருந்த கூட்டத்தை அரசு தடை செய்ததும் ஓ'கானல் பின்வாங்கினார்.

என் கணக்கில், ஆராய்ச்சிக்கு முதலாவதே வளமானது. தாராவில் கூட்டம் தெரிகிறது. அந்தப் பென்னியில் அமைப்பு தெரிகிறது. அப்புறம், முதலாவது வென்றதற்கு அமைப்பு மட்டுமே காரணமல்ல: 1829-ல் லண்டனில் விக் கட்சியின் (பிரிட்டனின் இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்று) ஆதரவும் இருந்தது. 1843-ல் இணைப்பை முறிக்க அங்கே யாருமே தயாரில்லை.