ஏழு செடிகளும் ஒரு வெந்நீர்த் தொட்டியும்

துணி வெட்டும் மேசைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பது என் வேலை. சாயங்காலம் கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே இருக்கும். அதனால் 2 வருடத்துக்கு முன் வீட்டின் சாமான் அறையை ஒழித்து எனக்கென்று ஒரு ஸ்பா அறை ஆக்கிக்கொண்டேன். பெயர்தான் பெரிது. எட்டடிக்கு ஆறடி. கால் ஊறவைக்க ஒரு தொட்டி, சாய்வு நாற்காலி, சின்ன நீராவிக் கருவி, மங்கல் கண்ணாடி போட்ட ஒரே ஜன்னல், காற்றை வெளியே தள்ளும் விசிறி. படங்களில் பார்க்கும் ஸ்பா அறைகளில் பச்சை இல்லாத மூலையே இருக்காது. நானும் ஏழு செடி வாங்கினேன். எது தேறியது, எது போனது என்று இப்போது சொல்லலாம்.

முதலில் போனது லாவெண்டர். வாசனைக்காக ஆசைப்பட்டு வாங்கியது. "அக்கா, அது வெயில்ல காயுற செடி, அதைக் கொண்டுபோய் ஆவியில வைக்கிறியே" என்று தங்கை அப்போதே சொன்னாள். நான் கேட்கவில்லை. மத்தியதரைக் கடலோரத்துக் கல் பூமியில், சுள்ளென்ற வெயிலில், வறண்ட காற்றில் வளர்வது அது. என் அறையில் இரண்டாவது வாரமே அடி இலைகள் சாம்பல் பூத்தன. ஐந்தாவது வாரம் லேசாக இழுத்தேன், வேரோடு கையில் வந்துவிட்டது. வேர் எல்லாம் பழுப்பாக, நனைந்து நைந்த நூல் மாதிரி பிசுபிசுத்தது. வாசனை வேண்டுமென்றால் வெந்நீரில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள், செடியைப் பாவம் பிடித்து ஆட்ட வேண்டாம்.

சோற்றுக்கற்றாழையும் அதே ஜாதிதான். செத்துப்போகவில்லை, ஆனால் மடல்கள் வெளுத்து, வெளிச்சத்தைத் தேடி ஜன்னல் பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயின. வெயில் படும் இன்னொரு ஜன்னலுக்கு மாற்றிய பிறகுதான் நிமிர்ந்தது.

அப்புறம் பாஸ்டன் ஃபெர்ன், பெரணிச் செடியில் ஒரு வகை. ஆவி அடிக்கும் அறைக்கு ஃபெர்ன்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் நம்பினேன். மூன்றாவது மாதத்தில் பொடி இலைகள் கொட்ட ஆரம்பித்தன. தொட்டியிலிருந்து ஈரக்காலை எடுத்து வைத்தால் உள்ளங்கால் முழுக்க இலைத் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும். இளைப்பாற வந்தவள் குனிந்து கால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

ஏன் கொட்டுகிறது என்று பார்க்க ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி மாட்டினேன். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. நீராவி ஓடும்போது முள் 90 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது. விசிறியைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 50க்குப் பக்கத்தில். விசிறி போடாமலும் இருக்க முடியாது, சுவரில் பூஞ்சை ஏறிவிடும். நான் அந்த அறையில் இருப்பது ஒரு நாளில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை மனதில் வைத்துச் செடி வாங்கினேன். செடி மீதி 23 மணி நேரமும் அங்கேதான் இருக்கிறது, ஆவி இல்லாமல், விளக்கு அணைந்த அறையில்.

சரி, வெளிச்சத்தை எப்படி அளப்பது? நான் செய்தது இது. நடுப்பகலில், விளக்குப் போடாமல், செடி வைக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அதற்கு ஓரடி மேலே கையை நீட்டினேன். விரல்களின் நிழல் தனித்தனியாக, விளிம்பு வெட்டியதுபோல் விழுந்தால் நல்ல வெளிச்சம். கை என்று தெரிகிறது, விளிம்பு கலங்கியிருக்கிறது என்றால் நடுத்தரம். நிழலே விழவில்லை என்றால் அங்கே செடி வைக்காதீர்கள். நம் கண் மங்கலுக்குப் பழகிக்கொள்ளும், செடிக்கு அந்த வசதி கிடையாது. என் ஜன்னல் ஓரம் நடுத்தரம். நாலடி தள்ளி, நாற்காலிக்குப் பக்கத்தில், நிழலே இல்லை.

அந்த நாற்காலிப் பக்கத்து மூலையையும் தாக்குப்பிடிப்பது பாம்புச்செடி ஒன்றுதான். அதையும் 15 நாளுக்கு ஒரு முறை ஜன்னலோரத்துக்குக் கொண்டுபோய்ப் பிறகு திரும்ப வைக்கிறேன். தண்ணீர் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் மண் அடி வரை காய்ந்த பிறகு. இது இரவில் ஆக்சிஜன் கொடுக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். இரவில் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கிச் சேமிக்கும் என்பது வரை உண்மை. ஆக்சிஜன் உண்டாக வெளிச்சம் வேண்டும், அது பகல் வேலை. காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சும் இப்படித்தான். அதற்கு ஆதாரமாகக் காட்டும், 1989இல் நாசா செய்த ஆய்வு, மூடி அடைத்த சின்ன அறைப் பெட்டிகளுக்குள் நடந்தது. பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட 2019 ஆய்வுக் கட்டுரை ஒன்று, கட்டடத்தில் தானாக வந்து போகும் காற்று செய்வதைச் செடிகள் செய்ய ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வேண்டும் என்றது. குறைந்த கணக்கிலேயே என் அறைக்கு 45 தொட்டி. நான் எங்கே உட்காருவது?

பீஸ் லில்லியைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. தாகம் எடுத்தால் மொத்தச் செடியும் தலை தொங்கிப் படுத்துவிடும், தண்ணீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும். எப்போது ஊற்றுவது என்று தெரியாதவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் அந்த வெள்ளைப் பூவுக்காக வாங்கினால் ஏமாற்றம்தான். வெள்ளையாகத் தெரிவது பூவே இல்லை, நிறம் மாறிய ஓர் இலை, அதுகூட வெளிச்சம் போதாவிட்டால் வராது. எனக்கு வாங்கும்போது இருந்த இரண்டோடு சரி.

மணி பிளான்ட் பிரச்சினையே தராதது. ஜன்னல் மேல் தட்டில் தண்ணீர்ப் பாட்டிலில் விட்டிருக்கிறேன். மஞ்சள் திட்டுகள் மங்கி முழுப் பச்சையாகிவிட்டது, வெளிச்சக் குறைவுதான் காரணம். முதலில் வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்துப் பாசி பிடித்தது, பழுப்பு நிறப் பாட்டிலுக்கு மாற்றியதும் நின்றது. பூனை, நாய் இருக்கும் வீட்டில் இதுவும் பீஸ் லில்லியும் வாய்க்கு எட்டக் கூடாது. இலையில் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருக்கின்றன, கடித்தால் வாய் வீங்கிவிடும். பாம்புச்செடியும் தின்னத் தக்கதில்லை. ஃபெர்னிலும் ஆர்க்கிட்டிலும் அந்தப் பயம் இல்லை.

ஆர்க்கிட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஃபெலனாப்ஸிஸ் வகை. ரொம்ப நோகும் செடி என்று பயந்து வாங்கினேன், ஏழிலும் இதுதான் என் அறைக்கென்றே பிறந்ததுபோல் இருக்கிறது. காட்டில் மரத்தில் தொற்றி வளர்வதால் இதற்கு மண்ணே ஆகாது. மரப்பட்டைத் துண்டுகள் நிரப்பிய, உள்ளே தெரிகிற தொட்டியில் வைத்து, ஜன்னலை ஒட்டியே நிறுத்தியிருக்கிறேன். தண்ணீர் ஊற்ற நாள் பார்ப்பதில்லை, வேரைப் பார்ப்பேன். காய்ந்திருந்தால் வெள்ளி நிறம், நனைந்திருந்தால் பச்சை. ஊற்றிய சில நொடிகளில் வெள்ளி வேர் பச்சையாக மாறுவதை, கால்களை வெந்நீரில் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கலாம். இலைகள் சேரும் குருத்தில் மட்டும் தண்ணீர் தேங்கக் கூடாது, அழுகிவிடும். நான் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடுவேன்.

ஒரு தொல்லையைச் சொல்லாமல் விடக் கூடாது. முதல் வருடம் எல்லாத் தொட்டிகளையும் ஈரமாகவே வைத்திருந்ததில் மண்ணில் குட்டிக் கறுப்புக் கொசு மாதிரிப் பூச்சிகள் பிறந்தன. கண்ணை மூடிச் சாய்ந்தால் மூக்கில் வந்து உட்காரும். மேல் மண் ஓரங்குலம் காயும் வரை தண்ணீரை நிறுத்தி, மஞ்சள் பசை அட்டைகளைச் செருகி வைத்ததில் ஒரு மாதத்தில் ஒழிந்தன. அந்த ஒரு மாதமும் ஸ்பா அறை எலிப்பொறி வைத்த கிடங்கு மாதிரிதான் இருந்தது.

ஃபெர்ன் இப்போது தங்கை வீட்டுக் குளியலறையில் இருக்கிறது. அங்கே நாலு பேர் மாறி மாறிக் குளிப்பதால் ஈரம் குறைவதே இல்லை, இலையும் கொட்டுவதில்லையாம். இங்கே ஆர்க்கிட்டின் மூன்றாவது இலைக்கு அடியில் பச்சையாக ஏதோ முளைத்திருக்கிறது. நுனி உருண்டையாக இருந்தால் வேர், குழந்தையின் கையுறை மாதிரிச் சப்பையாக இருந்தால் பூங்காம்பு. நாலு நாளாகக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறேன், ஒரு பக்கம் உருண்டை, ஒரு பக்கம் சப்பை.