பிக்கப் வண்டியை முகாம் வண்டியாக்கக் கொடுப்பவர்களுக்கு: புதுச்சேரிப் பட்டறை ஒன்று என்னை ஏமாற்றிய விதம்

கடலூரிலும் புதுச்சேரியிலும் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்கள் சிலர், பின்பகுதியில் இழுப்பறைகளும் பேட்டரியும் ஃபிரிட்ஜும் பொருத்தி, மேலே கூடாரம் ஏற்றி, மலைக்கும் காட்டோரத்துக்கும் போய்த் தங்கி வரத் தக்கதாகத் தங்கள் வண்டியைத் தாங்களே வடிவமைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மரவேலையை வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளலாம் என்றாலும், இரும்புச் சட்டத்துக்கும் மின்வேலைக்கும் பெரும்பாலானோர் ஒரு பட்டறையை நம்பித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு வேலைகளிலும் புதுச்சேரியின் தொழிற்பேட்டைப் பகுதி ஒன்றில் இயங்கும் பட்டறை என்னை முழுமையாக ஏமாற்றியது. நுகர்வோர் ஆணையத்தில் என் புகார் நிலுவையில் இருப்பதால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. ஆனால் எந்தப் பொருளில், எந்த இடத்தில், எப்படி ஏமாற்றினார்கள் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது சொந்த உபயோகத்துக்குப் பதிவான இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். சட்டம் பற்றி முன்கூட்டியே விசாரித்துக்கொண்டுதான் திட்டம் போட்டேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஆகவே பாடியை வெட்டக் கூடாது, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் துளை போடவோ வெல்டிங் வைக்கவோ கூடாது, பின்பகுதியில் ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளை மட்டுமே பயன்படுத்தி, வேண்டும்போது கழற்றி இறக்கிவிடக்கூடிய சட்டமாகச் செய்ய வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதிக் கொடுத்து, "சரி சார், அப்படியே பண்ணிடலாம்" என்ற பதிலையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

பேசிய தொகை 2,35,000 ரூபாய், அட்வான்ஸ் 1,50,000. அதற்கு அவர்கள் தருவதாக ஒப்புக்கொண்டவை: 40-க்கு 40 மில்லிமீட்டர் அளவில், 2 மில்லிமீட்டர் தடிமனில், 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சதுர பைப்பில் சட்டம், புதிய செல்களால் கட்டிய 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. வண்டி ஓடும்போது அதை முறையாக ஏற்றுவதற்கு டிசி-டிசி சார்ஜர். 1,000 வாட் இன்வெர்ட்டர். 25 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள். இழுப்பறைகளுக்கான பிளைவுட்டை நானே வாங்கி, ஒரு துண்டை வெந்நீரில் நெடுநேரம் கொதிக்க வைத்து அடுக்குகள் பிரிகின்றனவா என்று பார்த்துவிட்டு வீட்டில் வெட்டிக்கொண்டேன். அந்தப் பகுதியில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

வண்டி கைக்கு வந்தபோது பார்வைக்கு எல்லாம் நேர்த்தியாகவே இருந்தது. சட்டம் பளபளத்தது, பேட்டரி கறுப்புப் பெட்டிக்குள் ஸ்டிக்கருடன் இருந்தது, ஒயர்கள் பிளைவுட்டுக்குப் பின்னால் மறைந்திருந்தன. "காந்தம் வெச்சுப் பாருங்க சார், ஒட்டாது, சுத்தமான 304" என்று பட்டறைக்காரரே காந்தத்தை நீட்டினார். ஒட்டவில்லைதான். ஆனால் 202 போன்ற 200 வரிசை ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது என்பதை அவர் சொல்லவில்லை. கடையில் தரம் பார்க்க எல்லோரும் செய்யும் இந்தச் சோதனை, மலிவான ஸ்டீலையும் நல்ல ஸ்டீலையும் பிரித்துக் காட்டாது.

முதல் மழைக்காலம் முடிவதற்குள் வெல்டிங் வைத்த மூட்டுகளைச் சுற்றிப் பழுப்பு நிறம் இறங்கத் தொடங்கியது. வீடு தேவனாம்பட்டினத்துக்கு அருகில் இருப்பதால் உப்புக்காற்று உண்டு என்பது உண்மையே. அதற்காகத்தான் கூடுதல் பணம் கொடுத்து 304 கேட்டேன். கடலூர் ஓ.டி. துறைமுகத்தில் படகு வேலை செய்யும் மூத்த வெல்டர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். படகுக்காரர்களுக்கு இந்த உலோகம் அத்துப்படி. அவர் மூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, பைப்பின் ஒரு முனையைத் தேய்த்துச் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டு, ஒன்பது வோல்ட் பேட்டரியின் முனைகளைத் தொட வைத்தார். சில நொடிகளில் சொட்டு செக்கச்செவேல் என்று மாறியது. "304-ன்னா இப்படிச் சிவக்காது தம்பி. இது ஜே4. மாங்கனீசு சரக்கு. கரையோரத்துல இது நிக்காது" என்றார். நிக்கலுக்குப் பதிலாக மாங்கனீசைச் சேர்த்து விலையைக் குறைத்த ஸ்டீலைத்தான் சந்தையில் ஜே4 என்கிறார்கள். அவர் சொன்னதை வைத்து மட்டும் புகார் எழுத முடியாது என்பதால், அறுத்தெடுத்த ஒரு துண்டைச் சென்னையில் உள்ள உலோகப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். 304 தரத்தில் நிக்கல் குறைந்தது 8 விழுக்காடு இருக்க வேண்டும். என் துண்டில் ஒரு விழுக்காட்டைச் சற்றே தாண்டியிருந்தது. மாங்கனீசு 9 விழுக்காடு.

தடிமனிலும் பொய். பைப்பின் எல்லா முனைகளையும் தகடு வைத்து வெல்டிங் செய்து மூடியிருந்ததை நான் நல்ல வேலைப்பாடு என்றே முதலில் எண்ணினேன். துறைமுக வெல்டர் ஒரு மூடியை அறுத்து வெர்னியர் வைத்தபோது 1.2 மில்லிமீட்டர்தான் காட்டியது. 2 மில்லிமீட்டர் பைப் மீட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிலோ இருக்கும், 1.2 மில்லிமீட்டர் பைப் 1.5 கிலோகூட வராது. எனக்கு விலை போட்டதோ கிலோ கணக்கில். முனைகளை மூடுவதற்கு முன் அளந்து பார்க்க விடாத எந்தப் பட்டறையிலும் கிலோ கணக்கில் பணம் கொடுக்காதீர்கள்.

எனக்கு அதிகம் வருத்தம் தந்தது பேட்டரி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அருகே நண்பரின் நிலத்தில் குடும்பத்துடன் தங்கியிருந்தபோது, மாலையில் முழு சார்ஜ் காட்டிய பேட்டரி நள்ளிரவுக்கு முன்பே நின்றுபோனது. ஓடியது ஃபிரிட்ஜும் ஒரு சிறு விளக்கும் மட்டுமே. ஃபிரிட்ஜில் என் தாயாரின் இன்சுலின் இருந்தது. கம்ப்ரஸர் ஓடும்போது 45 வாட் இழுக்கும் அந்த ஃபிரிட்ஜ், பாதி நேரம் ஓடுகிறது என்று வைத்தாலும், ஒரு முழு நாளுக்கு 540 வாட்-மணி அளவில்தான் எடுக்கும். 12.8 வோல்ட்டை 100 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 1,280 வாட்-மணி; இரண்டு இரவுகளுக்குத் தாராளமாகப் போதும்.

பட்டறைக்காரர் மல்டிமீட்டரில் 13.3 வோல்ட் காட்டி, பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று வாதிட்டார். இந்த வகை பேட்டரியில் வோல்ட் அளவு பெரும்பகுதி நேரம் 13-ஐ ஒட்டியே நின்றுவிட்டுக் கடைசியில்தான் சட்டென்று விழும். ஆகவே வோல்ட்டைப் பார்த்துக் கொள்ளளவைச் சொல்லவே முடியாது. கொள்ளளவு தெரிய வேண்டுமானால் தெரிந்த சுமையைக் கொடுத்து வடிய விட வேண்டும். முழுவதும் சார்ஜ் ஏற்றிய பின், 60 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டைப் பக்க இணைப்பாகக் கொடுத்து, நேரத்தைக் குறித்துக்கொண்டே பார்த்தேன். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரத்தை ஒட்டி எரிய வைக்க வேண்டும். நான்கு மணி நேரம் முடிவதற்குள் பல்புகள் அணைந்துவிட்டன. எந்தப் பட்டறையிலும், எந்தக் கருவியும் இல்லாமல், நூற்றுக்கணக்கில் மட்டும் செலவழித்துச் செய்யக்கூடிய சோதனை இது. பணத்தின் கடைசித் தவணையை இந்தச் சோதனை முடிந்த பிறகே தருவேன் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பெட்டியைப் பேட்டரி தெரிந்த ஒருவர் முன்னிலையில், வீடியோ எடுத்துக்கொண்டே திறந்தோம். உள்ளே நான்கு செல்கள், அவற்றின் பக்கங்கள் தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தன. முனையங்களின் மேல் பழைய லேசர் வெல்டிங்கைத் தேய்த்தெடுத்த வடுக்கள் பளிச்சென்று தெரிந்தன. அந்தத் தேய்ப்பின் மீதே புதிய இணைப்புப் பட்டைகளை வைத்திருந்தார்கள். செல்லின் உற்பத்தி விவரம் இருக்கும் க்யூஆர் குறியீடு நான்கிலும் சுரண்டப்பட்டிருந்தது. வேறெங்கோ உழைத்து ஓய்ந்த செல்களைக் கறுப்புப் பெட்டியில் போட்டு, புதிது என்று சொல்லி, புதியதன் விலைக்கே விற்றிருக்கிறார்கள்.

மின்வேலையில் நடந்தது பண மோசடி மட்டுமன்று; உயிருக்கே ஆபத்து. 1,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் ஓடினால் 12 வோல்ட் பக்கத்தில் 80 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்குப் போட்ட கேபிளின் மேலுறை தடிமனாக, 25 என்ற எண்ணுடன் இருந்தது. முனையை வெட்டிப் பார்த்தால் உள்ளே கம்பிக் கற்றை சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. பிளேடால் சுரண்டியதும் செம்பு நிறம் போய் வெள்ளை தெரிந்தது. செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஃபியூஸ் இருந்தது, ஆனால் வெளியே தெரியும்படி இன்வெர்ட்டரின் அருகில் இருந்தது; பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து அதுவரை வந்த கேபிளுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அந்தக் கேபிளோ, பாடித் தகட்டில் புதிதாகப் போட்ட துளை வழியாக, ரப்பர் வளையம்கூட இல்லாமல் நுழைந்து சென்றது. உறை ஒரு பக்கம் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. இன்னும் சில நூறு கிலோமீட்டர் குலுங்கியிருந்தால் கம்பி தகட்டைத் தொட்டிருக்கும். பேட்டரியின் முழு ஆற்றலும் தடையின்றி அந்த இடத்தில் பாய்ந்திருக்கும். அதற்கு மேலேதான் பிள்ளைகள் படுத்திருந்த பலகை.

டிசி-டிசி சார்ஜருக்கு 14,000 ரூபாய் கணக்கில் போட்டிருந்தார்கள். பலகையைக் கழற்றிப் பார்த்தபோது அந்த இடத்தில் இருந்தது, இணைப்பைச் சேர்க்கவும் துண்டிக்கவும் மட்டுமே தெரிந்த ஒரு சாதாரண ரிலே. உள்தடை மிகக் குறைந்த லித்தியம் பேட்டரியை, வண்டி ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டரோடு நேரடியாக இணைத்தால், ஆல்டர்நேட்டர் கொடுக்கும் மின்னோட்டம் முழுவதையும் பேட்டரி உறிஞ்சும். ஆல்டர்நேட்டர் சூடேறிக் கெடும். சேஸிஸில் துளை போடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தும், அடியில் நான்கு புதிய துளைகள், பெயின்ட்கூட அடிக்காமல் இருந்தன. சர்வீஸ் சென்டரில் வண்டியை ஏற்றிப் பார்த்த பிறகுதான் அது தெரியவந்தது.

பட்டறைக்காரரிடம் கேட்கப் போனபோது, "கடல் காத்துல எல்லாந்தான் சார் துருப்பிடிக்கும்" என்றார். பேட்டரிக்கு, நான் அதிகச் சுமை கொடுத்துவிட்டேன் என்றார். அதன் பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. முறையான பில் கேட்டு நெருக்கிய பிறகு அனுப்பிய பில்லில் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கியது. அது தமிழ்நாட்டின் குறியீடு. புதுச்சேரியில் பதிவான தொழிலுக்கு 34 என்றே தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்தப் பதினைந்து இலக்க எண்ணைத் தேடியபோது, வேறொரு மாவட்டத்துத் துணிக்கடையின் பெயரில், ரத்தான பதிவு என்று வந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஜிஎஸ்டி எண்ணை வாங்கி இப்படித் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இதே நிலையில் இருப்பவர்கள், பட்டறை புதுச்சேரியில் இருக்கிறதே, அங்கேதானே வழக்குப் போட வேண்டும் என்று தயங்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். நான் கடலூரில்தான் கொடுத்திருக்கிறேன். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அங்கே தீராததால் வக்கீல் நோட்டீஸ், பிறகு புகார். வாட்ஸ்அப் உரையாடல், யுபிஐ பதிவுகள், பரிசோதனைக் கூட அறிக்கை, பேட்டரியைத் திறந்த வீடியோ ஆகியவையே இப்போது எனக்குப் பக்கபலம். ரொக்கமாகக் கொடுத்தால் தள்ளுபடி தருவதாகப் பட்டறைக்காரர் அன்று சொன்னதற்கு நான் இணங்கியிருந்தால் பாதித் தொகைக்குச் சாட்சியே இருந்திருக்காது.

ஏற்கெனவே வேலை முடித்து வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் மற்றச் சோதனைகளைப் பொறுமையாகச் செய்துகொள்ளலாம். ஃபியூஸை மட்டும் இன்றே பாருங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இல்லையென்றால், முதலில் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி வையுங்கள். அது சரியாகும்வரை அந்த வண்டியில் யாரையும் படுக்க விடாதீர்கள்.