டெல்டாவில் பழைய ஓட்டு வீடு: புதுப்பித்தால் எவ்வளவு பெறும்?

வாடகைக்கு விடும் எண்ணத்தில் கும்பகோணம், மாயவரம் பக்கம் பழைய வீடு வாங்குகிறவர்கள், மராமத்து முடிந்தபின் அது என்ன பெறும் என்பதை மூன்று விதமாகக் கணக்கிடுகிறார்கள்.

வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு தெருவாரியாக வைத்திருக்கும் மனை விலை, முதலாவது. முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதப் பத்திரச் செலவை உத்தேசிக்க உதவும். அதோடு சரி. நீங்கள் மாற்றிய கூரையும் கட்டிய கழிப்பறையும் அந்தத் தெரு விலையில் ஏறாது.

அடுத்தது அக்கம்பக்கத்து விலை. "எதிர்வீடு இப்பதான் சார் நல்ல விலைக்குப் போச்சு" என்பார் தரகர். எப்படிப்பட்ட எதிர்வீடு? இங்கே வீடுகள் முகப்பு குறுகி, திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று நீளும். கொல்லைப்பக்கம் தனி வழி இருந்தால் இரண்டு குடித்தனம் வைக்கலாம், இல்லாவிட்டால் ஒன்றுதான். அதைவிடப் பெரிய வித்தியாசம், வீடு நிற்கும் அடிமனை யாருடையது என்பது. கும்பகோணத்தில் கோயில் மனையில் எழும்பிய வீடுகள் உண்டு. அறநிலையத்துறை அனுமதியில்லாமல் அந்த மனையை விற்றால் பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைக் காட்டி சார்பதிவாளர் மறுத்துவிடுவார். பட்டா வீட்டு விலையை அதற்கு வைத்துப் பார்ப்பது வீண்.

மூன்றாவது வாடகைக் கணக்கு. என் ஓட்டு இதற்குத்தான். மாத வாடகை 9,000 என்று வையுங்கள். ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று விட்டால் வருஷத்துக்கு 99,000. வீட்டு வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் ரிப்பேருக்கு 19,000 போனால் கையில் 80,000. போட்ட பணத்துக்கு வருஷம் 4 சதவீத வரவு போதுமென்றால் வீடு 20 லட்சம் பெறும். 5 வேண்டுமென்றால் 16 லட்சம்தான். இதில் மராமத்தையும் பத்திரச் செலவையும் கழித்தால் வருவது வாங்கும் விலை. பெரும்பாலும் விற்கிறவர் இதற்கு இறங்கி வரமாட்டார், மனையே அதற்கு மேல் போகும். சரி, அப்படியும் வாங்கினால் மனை விலை ஏறும் என்று நம்பி வாங்குகிறீர்கள். வாடகைக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். 2028 மகாமகத்தைக் காட்டி வாடகையை ஏற்றிச் சொல்வார்கள். 12 வருஷத்துக்கு ஒருதரம் வரும் கூட்டம் மாத வாடகையில் சேராது.

அப்புறம், புதுப்பித்த மதிப்பில் 70 சதவீதம் எடுத்து மராமத்தைக் கழித்து வாங்கும் விலை காணும் விதி, அமெரிக்காவில் வாங்கிப் புதுப்பித்து உடனே விற்பவர்களுடையது. வாடகைக்கு விடுபவருக்கு ஒட்டாது.

எந்தக் கணக்கானாலும் மராமத்துச் செலவைச் சித்திரை வெயிலில் பார்த்துப் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே போய், உத்தரம் சுவரில் உட்காரும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். ஓதமும் கறையானும் ஏறியிருந்தால் ஓடு மாற்றுவதோடு போகாது, ஓட்டைத் தாங்கும் கைமரமும் மாற்ற வேண்டிவரும். கொத்தனாரோடு மர ஆசாரியையும் கூட்டிப் போங்கள்.